சின்னிக்குச் சோற்றை நிறுத்திய நாலு நாள்

போன மாதம் ஆட்டுக்குக் குடற்புழு மருந்து வாங்க எங்கள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வேலையை விட்டு ஒரு வருடம் ஆகியும் ‘எங்கள் ஆஸ்பத்திரி’ என்றுதான் வருகிறது. மேசைமேல் ஒரு பை தீனி இருந்தது. பையில் ஒல்லிப் பூனை ஒன்றின் படம். எடை குறைக்கிற தீனியாம். என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் செல்வி கேட்டாள்:

“அக்கா, இந்தத் தீனியெல்லாம் இல்லாத காலத்துல குண்டுப் பூனை வந்தா இன்னா பண்ணுவீங்க?”

“பண்ணுவோம்,” என்றேன். மருந்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நான் அப்படித்தான். யாராவது எதையாவது கேட்டால் எனக்குப் பதில் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் வரும். எங்கள் ஊர் வடக்குத்துக்கு நடந்து வந்து, ஆட்டுக்கு மருந்தைப் புகட்டிவிட்டு உட்கார்ந்தபோது சொல்ல வேண்டியது மொத்தமும் வரிசையாக வந்து நின்றது. அதனால் எழுதுகிறேன். நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். எழுத்து கோணலாக இருந்தாலும் செல்வி படித்துக்கொள்வாள்.

என் வீட்டுக்காரர் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். அவர் தவறிய பிறகு, நகரியத்தை ஒட்டி டாக்டரம்மா ஒரு வீட்டை எடுத்துக் கால்நடை ஆஸ்பத்திரி ஆரம்பித்தபோது பெருக்கச் சேர்ந்தேன். முதல் வருடம் விளக்குமாறு. அடுத்த வருடம் ஊசி, கத்தரி எல்லாம் கொதிக்க வைக்கிற வேலை. அதற்குப் பிறகு பிடிக்கிற வேலை. மாட்டையும் நாயையும் பிடிக்க ஆம்பளை ஆள் ஒருவர் இருந்தார். பூனை வந்தால் மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள். பூனைக்குச் சத்தம் ஆகாது, முகத்துக்கு நேராக முறைத்துப் பார்த்தால் ஆகாது. எனக்கும் அந்த இரண்டும் ஆகாது. அதனால் ஒத்துப்போயிற்று.

டாக்டரம்மா என்னைவிடச் சின்னவர்கள். அதிகம் பேச மாட்டார்கள். ஸ்டெதஸ்கோப்பை உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கிய பிறகுதான் பூனைமேல் வைப்பார்கள். பூனையை மேசையில் விட்டவுடன் தொட மாட்டார்கள். அது மேசையை முகர்ந்து முடிக்கிறவரை பேனாவை மூடித் திறந்துகொண்டு காத்திருப்பார்கள். வெளியே எத்தனை பேர் நின்றாலும் சரி. ஒரு வேலை சொன்னால் சொன்னதோடு விடுவதில்லை. “நான் என்ன சொன்னேன், சொல்லுங்க அஞ்சலைம்மா,” என்பார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு திருப்பிச் சொல்லுவேன். “சரியாச் சொன்னீங்க. தரைக்கு நல்லாக் கேட்டிருக்கும்,” என்பார்கள். அதற்குமேல் கோபித்துக்கொண்டது கிடையாது.

சின்னி வந்தது ‘தானே’ புயல் அடித்து ஒன்றரை வருடம் கழித்து. கோவிந்தன் சாரும் அவர் மனைவி கலாவும் அவளைக் காய்கறிப் பையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். சார் மைன்ஸில் நிலக்கரி சுமக்கிற கன்வேயர் பெல்ட் ஓட்டுகிறவர். மிஷின் சத்தத்திலேயே இருந்து இருந்து, பக்கத்தில் நிற்கிற ஆளிடமும் கூப்பிடுகிற குரலில்தான் பேசுவார். புயலில் சாய்ந்த பலா மரத்தடியில் ஈரத்தில் கிடந்த குட்டியை அவர்தான் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தாராம். உள்ளங்கை அளவு இருந்ததால் சின்னி என்று பெயர் வைத்தார்களாம். அந்தச் சின்னியை மேசைமேல் விட்டபோது வயிறு இரண்டு பக்கமும் வழிந்து பரவியது. ஏழரை கிலோ.

“ஜன்னல்ல ஏறவே மாட்டேங்குறா டாக்டர். நாலு எட்டு வெச்சா மூச்சு வாங்குது. பின்பக்கம் நக்கிச் சுத்தம் பண்ணிக்கக்கூட எட்டல. நான்தான் ஈரத்துணியால தொடச்சு விடறேன்,” என்றாள் கலா.

“என்ன சாப்பிடுது?”

“ஒண்ணுமே சாப்பிடாதுங்க,” என்றார் சார். “நான் டூட்டி முடிச்சு வந்து குடுத்தாத்தான் உண்டு. அதுவரைக்கும் பட்டினியாக் கெடந்து கத்திக்கினு இருக்கும்.”

கலா திரும்பிப் பார்த்தாள். “அப்ப மத்தியானம் நான் வெக்கிறது?”

“நீ வெக்கிறியா?”

டாக்டரம்மா பேனாவை மூடினார்கள். மறுநாள் நான் அவர்கள் குவார்ட்டர்ஸில் காலையிலிருந்து உட்கார்ந்து, பூனை வாய்க்குள் என்னென்ன போகிறதோ அத்தனையும் எழுதி வர வேண்டும் என்றார்கள்.

சமையலறை வாசலோரம் நோட்டோடு உட்கார்ந்தேன். விடிவதற்கு முன்பே மகன் பாபு பால் குடித்த டம்ளரில் மிச்சம் வைத்து ஊற்றிவிட்டுப் போயிருந்தான். அவன் அனல் மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை, அந்த வாரம் முதல் ஷிஃப்ட். அவன் போன கொஞ்ச நேரத்தில் சார் நைட் ஷிஃப்ட் முடித்து வந்தார். தட்டு போட்டதும் சின்னி அவர் தொடைமேல் கை வைத்துக் கத்தினாள். பாதி இட்லியும் ஆம்லெட் ஓரமும் போயிற்று. கலா மீன் கழுவும்போது இரண்டு தலை. மத்தியானம் மீன் சோறு. மூன்று மணிக்குப் பாபு வந்து, “ஐயோ பாவம், யாரும் ஒண்ணும் போடலியா?” என்று மறுபடி சோறு. அடுத்த வீட்டு அம்மா மதில்மேல் தயிர்ச் சோறு வைத்தார்கள். டீயோடு பிஸ்கட். சார் மறுபடி டூட்டிக்குக் கிளம்பும்போது வறுத்த மீனில் ஒரு துண்டு. ஒவ்வொருவரிடமும் சின்னி பத்து நாள் பட்டினி கிடந்தவள் மாதிரி கத்தினாள். எனக்கே ஒரு நிமிடம் மனசு இளகிவிட்டது. ஒரு பக்கம் நிரம்பி, தாளைத் திருப்பினேன்.

அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுகிற வேளை கிடையாது. வாரா வாரம் ஷிஃப்ட் மாறும். ஒருவர் சாப்பிட்டது இன்னொருவருக்குத் தெரியாது. மூன்று பேரோடும் சேர்ந்து சாப்பிட்டது சின்னி ஒருத்திதான்.

டாக்டரம்மா நோட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். “இது பூனை இல்ல அஞ்சலைம்மா. கேன்டீன்.”

பிறகு திட்டம் சொன்னார்கள். சோறு வைப்பது கலா ஒருத்திதான். அளவுக்கு ஒரு குழம்புக் கரண்டி. அப்போது தின்பது ஒரு நாளைக்குப் பத்துக் கரண்டி வரும் என்று கணக்குப் போட்டு, முதலில் ஒன்பது, பத்து நாள் கழித்து எட்டு, இப்படிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். உப்புப் போடாமல் வேகவைத்த கோழி, கொஞ்சமாகச் சோறு, பால் கிடையாது, பொரித்தது கிடையாது. நாலு வேளையாகப் பிரித்து வைக்க வேண்டும். தினம் மூன்று தடவை விளையாட்டுக் காட்ட வேண்டும். கடைசியாகச் சொன்னது இது:

“குறைக்கணும். நிறுத்தக் கூடாது. குண்டுப் பூனை ரெண்டு மூணு நாள் பட்டினி கெடந்தா ஒடம்புல இருக்கற கொழுப்பு அத்தனையும் ஈரல்ல வந்து அடைச்சுக்கும். ஒல்லிப் பூனையைவிட இதுக்குத்தான் பட்டினி ஆபத்து. வீட்ல மூணு பேருக்கும் சொல்லிடுங்க. நான் என்ன சொன்னேன்?”

சொன்னேன். ஒரு சொல் விடாமல் சொன்னேன். கலாவிடமும் அடுப்படியில் நின்று சொன்னேன். “அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்கக்கா. நான் சொன்னா காதுல போட்டுக்க மாட்டாரு,” என்றாள். சரி என்றேன். அவரிடமும் பாபுவிடமும் சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன்.

சனிக்கிழமை தோறும் எடை பார்க்கப் போவேன். ஆள் ஏறி நிற்கிற முள் மிஷினைப் பையில் கொண்டுபோவேன். சின்னி அதில் தனியாக நிற்க மாட்டாள். அதனால் நான் அவளைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும், பிறகு இறக்கிவிட்டு வெறுமனே ஏற வேண்டும், பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும். அந்தச் சின்ன எண் என் எடை. அதை ஒரு ஆம்பளை முன்னால் வாசிப்பதா என்று கலாவிடம் ஜாடை காட்டிக் கதவைச் சாத்தச் சொல்லுவேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சாத்துவாள்.

விளையாட்டு என்றால் கயிற்று நுனியில் காகிதம் கட்டி இழுப்பது, ரப்பர் பந்து உருட்டுவது. சின்னி படுத்த இடத்திலிருந்து தலையை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி விளையாடினாள். “அக்கா, கயித்த இழுத்து இழுத்து நான்தான் எளைச்சுட்டேன்,” என்றாள் கலா.

அந்த மிஷினில் அரைக் கிலோ மாறினால்தான் முள் நகர்ந்தது தெரியும். பூனைக்கு அரைக் கிலோ குறைய ஒரு மாதம் ஆகும். இதையும் நான் சாரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாவது சனிக்கிழமை கலா வீட்டில் இல்லை. அவள் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் வடலூர் போய்விட்டாள், வர ஒரு வாரம் ஆகும் என்றார் சார். கரண்டி இப்போது அவர் கையில். நானே குனிந்து முள்ளைப் பார்த்துக் கழித்தேன்.

“எவ்ளோ?”

“அப்படியேதான் சார் இருக்கு.”

சார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சின்னியைப் பார்த்தார். அவள் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து, ஏற முடியாமல், ஜன்னலையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, பெல்ட்டுல ஓவர்லோடு ஆச்சுன்னா நாங்க என்ன பண்ணுவோம் தெரியுமா? கரண்டி கரண்டியாவா கொறைப்போம்? முதல்ல மேல கொட்டுற ஃபீடிங்க நிறுத்துவோம். பெல்ட்டு காலியானப்புறம்தான் மறுபடி ஓட்டுவோம். இல்லன்னா பெல்ட்டே அறுந்துரும். ஒரு நாலு நாளு தண்ணி மட்டும் வெப்போம். பாபுகிட்டயும் பக்கத்து வூட்டுலயும் கறாராச் சொல்லிட்டேன்.”

“டாக்டரம்மா நிறுத்தக் கூடாதுன்னாங்க சார்,” என்றேன்.

சொன்னேன் என்றுதான் நினைத்தேன். வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

“என்னம்மா?” என்றார் பெரிய குரலில்.

“ஒண்ணுமில்லீங்க சார்.”

இதற்குச் சாக்குச் சொல்லலாம். எங்கள் ஆட்கள் அடுத்தவர் நிலத்தில் களை பறித்துப் பிழைத்தவர்கள். நிலத்துக்காரர் முன்னால் பேச்சை மென்று விழுங்கித்தான் பழக்கம். ஆனால் அது மட்டும் இல்லை. அவ்வளவு பெரிய மிஷினை ஓட்டுகிறவர், அவருக்குத் தெரியாதா என்றும் ஒரு நினைப்பு வந்தது. ஒரு சொல் விடாமல் தெரிந்து வைத்திருந்தவள் நான்தான் என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு முழுக்க, அவர் மனசு கேட்காது, போட்டுவிடுவார் என்று சொல்லிக்கொண்டேன். திங்கள்கிழமை டாக்டரம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். ‘அவர்கிட்ட சொன்னீங்களா’ என்று கேட்பார்களே என்று மூடிக்கொண்டேன். செவ்வாயும் போயிற்று. புதன்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து நேராக அந்தக் குவார்ட்டர்ஸுக்குப் போனேன்.

சார் சந்தோஷமாகக் கதவைத் திறந்தார். “வாம்மா, வா. பட்டினி வைத்தியம் நல்லாக் கேக்குது. இப்பல்லாம் சோறே கேக்கறதில்ல. காலைல மனசு கேக்காம ஒரு துண்டு மீன் வெச்சேன். மோந்துகூடப் பாக்கல. கத்தறதையே விட்டுட்டா!”

சின்னி கட்டிலுக்கு அடியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். வாயோரம் எச்சில் ஒழுகியிருந்தது. வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் காதைத் திருப்பிப் பார்த்தேன். வழக்கமாக ரோஜா நிறத்தில் இருக்கிற காதின் உட்புறம் மஞ்சள் தண்ணீரில் நனைத்த துணி மாதிரி இருந்தது. ஈறும் அப்படியே.

“இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவணும் சார்,” என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் செருப்புப் போடாமல் வண்டியை எடுத்தார்.

டாக்டரம்மா சின்னியின் கண்ணையும் ஈறையும் பார்த்தார்கள். முன்னங்காலில் முடியை வழித்து டிரிப் போட்டார்கள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் கேட்டார்கள்.

“எத்தனை நாளாச் சாப்பிடல?”

“நாலு நாளாம்மா.”

“நிறுத்தக் கூடாதுன்னு சார்கிட்ட சொன்னீங்களா?”

“வாய்க்குள்ள சொன்னேம்மா.”

சார் என்னைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரிடம் அப்படி ஒரு சின்னக் குரல் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

“நான் என்னன்னு கேட்டேனேம்மா,” என்றார்.

டாக்டரம்மா என்னையும் திட்டவில்லை, அவரையும் திட்டவில்லை. பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம் என்று சொன்னார்கள். சோறுதான் மருந்து, அது தானாகத் தின்னாது, நாம்தான் உள்ளே போட வேண்டும், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, இராத்திரியிலும். “எப்படிப் போடணும்னு அஞ்சலைம்மா உங்க மூணு பேருக்கும் சொல்லிக் குடுப்பாங்க,” என்றார்கள். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். வேண்டுமென்றேதான் போனார்கள்.

வேகவைத்த கோழியை அம்மியில் மைபோல அரைத்து, வெந்நீரில் கரைத்து, துணியில் வடிகட்ட வேண்டும். ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்க்க வேண்டும். பூனையைத் துண்டில் நாலு காலும் உள்ளே போகும்படி சுற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். தலையை அண்ணாத்தக் கூடாது. கடைவாய்ப் பக்கம் உதட்டை விலக்கி, சொட்டுச் சொட்டாக விட்டு, தொண்டை ஏறி இறங்குகிறதா பார்த்து, பிறகு அடுத்தது. அவசரப்பட்டால் மூச்சுக் குழாயில் போய்விடும். இதை முதலில் பாபுவுக்கும், அன்றைக்கே வடலூரிலிருந்து ஓடி வந்த கலாவுக்கும் சொல்லிக் கொடுத்தேன். சாரிடம் சிரிஞ்சை நீட்டியபோது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “என் கையில வேணாம்மா. நான் கெடுத்தது போதும்,” என்றார். “அழுத்தாதீங்க சார், விரல வெச்சுகினு இருந்தாப் போதும், தானா எறங்கும்,” என்று இரண்டு தடவை சொல்லி, அவர் விரல்மேல் என் விரலை வைத்துக் காட்டினேன். அதுவரை வேறு ஆம்பளை கையை நான் தொட்டதில்லை.

மைன்ஸில் அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து கையில் வாங்காமல் யாரும் இடத்தை விட்டு நகரக் கூடாதாம். அந்த வீட்டிலும் அப்படியே நடந்தது. ஒருவர் டூட்டிக்குக் கிளம்பும்போது பூனை, துண்டு, சிரிஞ்சு மூன்றையும் அடுத்தவர் கையில் கொடுத்து, எவ்வளவு உள்ளே போயிற்று, எவ்வளவு வெளியே வந்தது என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். எந்த நேரத்திலும் யாராவது ஒருவர் விழித்திருக்கிற வீடு அது. காலையில் நான் போய்ப் பார்த்துவிட்டு, ஐந்து நாள் டிரிப்புக்குத் தூக்கி வந்தேன். சின்னியின் கண்ணில் ஒரு உயிர்ப்பும் இருக்காது. துண்டுக்குள் ஒரு மூட்டை மாதிரி கிடப்பாள். ஆறாவது நாள் வாந்தி. பத்தாவது நாள் காதில் மஞ்சள் கொஞ்சம் வெளுத்தது. இல்லை, எனக்குத்தான் அப்படித் தெரிகிறதோ என்று கலாவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அவளுக்கும் அப்படித்தான் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதை வெளியே சொல்லவில்லை.

பதினெட்டாவது நாள் காலை. கலா குடும்பத்துக்கென்று சங்கரா மீன் வாங்கி, மஞ்சள்கூடப் போடாமல் வெறும் தண்ணீரில் நாலைந்து துண்டு தனியாக வேகவைத்திருந்தாள். வாசனைக்காவது மூக்கைத் தூக்குகிறாளா பார்க்கலாம் என்று. சின்னி சார் மடியில் இருந்தாள். நான் சிரிஞ்சை நிரப்பிக்கொண்டிருந்தேன். மூக்கு அசைந்தது. தலை துண்டுக்குள்ளிருந்து வெளியே வந்தது. சார் மூச்சு விடாமல் ஒரு துணுக்கு மீனை விரல் நுனியில் நீட்டினார். நக்கினாள். பிறகு எடுத்தாள்.

“கலா! ஏய் கலா! தின்னுதுடி! தின்னுது!”

அடுத்த வீட்டு அம்மா மதிலுக்கு அந்தப் பக்கம் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். சார் சின்னியைத் தரையில் விட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினார். சட்டியில் இருந்த மீன் அத்தனையையும் ஒரு தட்டில் கொட்டிக்கொண்டு வந்தார். “பட்டினி போட்ட பாவி நானு. தின்னட்டும். வயிறு நெறையத் தின்னட்டும்,” என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

தின்ன ஆரம்பித்தால் அன்றைக்கு ஒரு வேளைக்கு ஒரு கரண்டிக்குமேல் போகக் கூடாது, போனால் மொத்தமும் கக்கி மறுபடி படுத்துவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்கள். அவர் தட்டைக் கீழே வைக்கக் குனிந்தார்.

“சார், ஒரு கரண்டிதான்!”

அடுப்படியில் கலா திரும்பிப் பார்த்தாள். உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்த பாபு எழுந்து வந்தான். அந்தச் சத்தம் என் வாயிலிருந்துதான் வந்தது. அழுதுகொண்டு நிற்கிற மனுஷன் கையிலிருந்த தட்டை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் தட்டைப் பார்த்தார். சின்னியைப் பார்த்தார்.

“ஒண்ணே ஒண்ணா?”

“ஒண்ணுதான் சார். மூணு மணி நேரம் பொறுத்து இன்னொண்ணு.”

தட்டை என் கையில் விட்டுவிட்டு, கரண்டி எடுத்து வந்து அளந்து எடுத்துக்கொண்டார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முள் தட்டுப்படுகிறதா என்று தடவித் தடவி, அந்த ஒரு கரண்டி மீனைச் சோற்றுப் பருக்கை அளவுக்குப் பிய்த்தார். அதிகமாகத் தெரியட்டும் என்று செய்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு துணுக்கைச் சின்னியின் மூக்குக்கு முன்னால் வைத்தார். அடுத்ததை ஒரு சாண் தள்ளி வைத்தார். அதற்கடுத்ததை இன்னொரு சாண் தள்ளி.

சின்னி ஐந்தரை கிலோவுக்கு வர அதற்குப் பிறகு ஒரு வருடம் பிடித்தது. கயிறும் பந்தும் செய்யாததை இந்தச் சாண் கணக்குத்தான் செய்தது. அதற்குப் பிறகு வந்த குண்டுப் பூனைகள் எல்லாவற்றுக்கும் நான் போய்ச் சொல்லிக் கொடுத்தது இதைத்தான். செல்வி கேட்டதற்குப் பதில் இதுதான். இதை அவருக்கு டாக்டரம்மாவும் சொல்லிக் கொடுக்கவில்லை, நானும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அன்றைக்குச் சின்னி முதல் துணுக்கைத் தின்றாள். இரண்டாவதைப் பார்த்தாள். முன்னங்காலை ஊன்றினாள். பின்னங்கால் சறுக்கியது, மறுபடி ஊன்றினாள். தோல் தொளதொளவென்று இரண்டு பக்கமும் ஆட, ஒரு அடி வைத்துத் தின்றாள். சார் முழங்காலில் பின்பக்கமாகவே நகர்ந்துகொண்டு அவளுக்கு முன்னால் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனார். ஹாலின் பாதியில் சின்னி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. நாங்கள் மூன்று பேரும் சுவரோரம் நின்றுகொண்டிருந்தோம். யாரும் போய்த் தூக்கவில்லை. சாரும் அடுத்த துணுக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் எழுந்திருக்கிறவரை எதிரில் உட்கார்ந்திருந்தார்.